கண் திறந்ததை வெட்டிய படம்

அன்னபாக்கியத்தின் கோபம் வெள்ளவத்தையில் பெயர் போனது. காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவேயிருந்த ஒரு வீட்டை யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்து அறையில் அவள் குடியிருந்தாள். சொதியில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், மறுநாள் முழுவதும் உப்பே போடாமல் சமைப்பாள். மீன்காரன் அவள் வாசலுக்கு வந்ததும் தராசை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, நீங்களே நிறுத்துக்கொள்ளுங்கள் நோனா என்று சிங்களத்தில் சொல்லி ஒதுங்கி நிற்பான்.

அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருப்பாள். அங்கே ஒரு தாலிக்கொடி கிடந்தது. கட்டியவன் இருக்கிறானா, செத்தானா என்று அந்தத் தாலிக்கே தெரியாது!

கட்டியவன் பெயர் பூபாலசிங்கம். கைதடியில் கல்யாணம் முடித்து, ஒரு வருஷம் குடும்பம் நடத்தி, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தோராம் ஆண்டில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். சிரம்பானில் ரயில்வே கிளாக்கர் வேலை. மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. மலாயாக் கப்பல்கள் வந்து நிற்கும் ஊரில் இருந்தால் ஏதாவது சேதி கிடைக்கும் என்று நம்பித்தான் அவள் கொழும்புக்கு வந்தாள். ஹெவ்லொக் டவுனில் கணவனுடைய தம்பி சிவபாதசுந்தரம் இருந்தான். கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் அவனுக்கு வேலை. மாதம் ஒருமுறை அவள் அங்கே நடந்து போவாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு சேதியும் இல்லை மச்சாள்" என்பான். ஆறு வருஷமாக அதே பதில், அதே குனிவு.

பக்கத்து வீட்டு இரத்தினம்மாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது, ஆரத்தித் தட்டை எடுக்கப் போனாள் அன்னபாக்கியம். இரத்தினம்மா வந்து மெதுவாக அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ கொஞ்சம் இரு பாக்கியம். ஒண்டும் நினையாதை."

"ஏன், நான் தாலி அறுத்தவளே?"

"அறுத்தனீ எண்டு ஆர் சொன்னது? இருக்கெண்டும் ஆர் சொல்லுறது?"

சபை நடுவில் நடந்தது இது. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் எழுந்து வந்தாள். சுமங்கலியா, விதவையா? இரண்டில் ஒன்றை யாராவது வாய் திறந்து சொன்னால் போதும், எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று அந்த நெஞ்சு கொதித்தது. ஒருவரும் சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான், முப்பதாம் ஆண்டு மாசி மாதம், இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கும் பெட்டியோடு கொழும்பில் வந்து இறங்கினார்கள். உலகத்திலுள்ள ஜாதியார் எப்படிப் பிறக்கிறார்கள், எப்படிக் கல்யாணம் கட்டுகிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்து, சீமையில் காட்டுவது அவர்கள் தொழில். பெரியவன் பார்லோ துரை. பர்மாவில் காது குத்துவதையும் ஆபிரிக்காவில் மழைக்கு ஆடுவதையும் பிடித்து முடித்திருந்தான். இங்கே வந்ததும் கண்டியில் யானைகளைப் படம் பிடித்தான். அடுத்தது தமிழர்களின் செத்தவீடு வேண்டும் என்றான். அதிலும் முக்கியமாக, பெண்சாதி தாலியைக் கழற்றிப் பிணத்தின் நெஞ்சில் வைக்கிற காட்சி வேண்டும்.

அவனுக்கு மொழிபெயர்க்கக் கந்தோரிலிருந்து அனுப்பப்பட்டவன் நம்முடைய சிவபாதசுந்தரம். கொட்டாஞ்சேனையில் ஒரு உண்மையான செத்தவீட்டுக்குத் துரையைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டுப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்கள். பெட்டியின் ஒரு கால் முறிந்தது. நடித்துத்தான் பிடிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் எந்தச் சுமங்கலி தாலியைக் கழற்றி நடிப்பாள்? எந்த விதவை இன்னொருமுறை தாலி கட்டி நடிப்பாள்? சிவபாதசுந்தரம் ஒரு கிழமை அலைந்தான். கடைசியில் இரண்டிலும் சேராத ஒருத்தி அவன் நினைவுக்கு வந்தாள்.

அன்னபாக்கியம் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். அவன் குந்தியிருந்து, இதமாகச் சொன்னான்.

"மச்சாள், நீங்கள் ஒருக்கால் வந்து அழுதாக் காணும். பேசாப்படம். என்ன சொல்லி அழுதாலும் ஒருத்தருக்கும் கேளாது. வாய் அசைஞ்சாச் சரி."

"ஆருக்கு அழ? என்ர மனுசன் உயிரோட இருக்கேக்க நான் ஏன் தாலி கழட்ட?"

"உங்கட தாலி வேண்டாம். புறக்கோட்டையில ஒரு பித்தளைக் கொடி வாங்கித்தாறன். மற்றது..." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒன்பது வருஷம் மச்சாள். உயிரோட இருக்கிறார் எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது?"

அவள் அரிசியோடு சட்டியை அவன் காலடியில் போட்டு உடைத்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

சத்தம் கேட்டு இராசரத்தினம் வந்தான். சாப்பிடுகிற ஆறு பேரில் ஒருவன். தபால் கந்தோரில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரிக்கிற வேலை. அதிகம் பேசாதவன். அவள் சிதறிய அரிசியைக் கூட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

"அக்கா, அவர் அப்பிடியே கேட்டவர்? உயிரோட இருக்கிறாரோ தெரியாதெண்டு?"

"ஓம். ஏன்?"

"உங்களுக்குத் தெரியும் எண்டல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்." அவனும் குந்தியிருந்து அரிசியைப் பொறுக்கினான். "சிவபாதசுந்தரத்தாருக்குக் கந்தோர் விலாசத்துக்கு மாதா மாதம் சிரம்பானிலயிருந்து கடிதம் வருது. அனுப்பினவர்ர பெயர் பின்னால இருக்கும். பூபாலசிங்கம். போன செவ்வாய்க்கிழமையும் ஒண்டு என்ர கையால போனது."

விளக்குமாறு அவள் கையிலேயே நின்றது. ஆறு வருஷம்! எழுபது கடிதங்களுக்கு மேல்! அந்தக் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதானே அவன் தலையைக் குனிந்து நின்றான்! அவள் அழவில்லை. அழுகை வந்த வழியிலேயே கொதித்து வற்றிவிட்டது.

"இராசரத்தினம், நாளைக்குச் சிவபாதசுந்தரத்தாரிட்டப் போய்ச் சொல்லும். அன்னபாக்கியம் அழ வாறாளாம். ஆனால் ஒரு கதை. அந்நிய ஆம்பிளை ஒருத்தனைக் கிடத்தினா நான் அழமாட்டன். பிணமா அவரே கிடக்கவேணும்."

சிவபாதசுந்தரத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. கோபக்காரி, ஆனாலும் குடும்பத்தை விட்டுக்கொடுக்காதவள் என்று நினைத்தான். அதோடு, பிணமாகக் கிடக்கவும் ஆள் அகப்படவில்லை. அபசகுனம் என்று கூலிக்காரர்கள்கூட மறுத்துவிட்டார்கள். துரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். சரி என்றான்.

சனிக்கிழமை காலை. கடற்கரையோடு ஒட்டிய ஒரு வளவில் பந்தல் போட்டிருந்தார்கள். தென்னோலை, குத்துவிளக்கு, நிறைகுடம், எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றும் பிசகக்கூடாது, உள்ளது உள்ளபடி வேண்டும் என்பது துரையின் கட்டளை. ஆகவே பிணத்துக்குச் செய்வதையெல்லாம் சிவபாதசுந்தரத்துக்கும் செய்தார்கள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டினார்கள். வாய் திறவாதபடி நாடியிலிருந்து உச்சிவரைக்கும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நெற்றியில் திருநீறு. கண்ணை மூடிக்கொண்டு நீண்ட வாங்குப் பலகையில் கிடந்தான்.

அழுவதற்கு இரத்தினம்மாவும் அயலில் ஏழெட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"எணை, ஆளைப் பார்த்தா மெய்யாப் போனமாதிரியல்லோ கிடக்கு!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சிரியாதையடி. துரை பார்க்கிறான்."

துரை கையைக் காட்டினான். மற்ற வெள்ளைக்காரன் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினான். பெண்கள் மார்பில் அடித்துக் குரல் எடுத்தார்கள். அன்னபாக்கியம் தலையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். புறக்கோட்டைப் பித்தளைக் கொடி வெளியே மின்னியது. அவளுடைய சொந்தத் தாலி சட்டைக்குள்ளே நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் செத்தவீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அழுகிறவள் அழுகைக்குள் வைத்து எதையும் சொல்லலாம். மாமியார் செய்த கொடுமை, மைத்துனன் செய்த வஞ்சகம், எல்லாவற்றையும் பிணத்திடம் முறையிடுவாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதற்குப் பதில் சொல்லவோ அவளை அடக்கவோ கூடாது. பார்லோ துரைக்கு அது தெரியாது. தெரிந்த சிவபாதசுந்தரம் மறந்துவிட்டான்.

"என்ர ராசா, இப்பிடிக் கிடக்கிறியே!" என்று ஆரம்பித்தாள். அடுத்த மூச்சில் குரல் மாறியது.

"கிடக்கிறவரே, உம்மட்டை ஒரு கதை கேட்கிறன். போன செவ்வாய்க்கிழமை சிரம்பானிலயிருந்து வந்த கடிதத்தில என்ன எழுதியிருந்தது?"

பிணத்தின் நெஞ்சு ஒருதரம் ஏறி இறங்கியது.

"அதுக்கு முதல் மாதம் வந்ததில என்ன? அதுக்கு முதல்? ஆறு வருஷம் நான் உம்மட வாசலுக்கு நடந்தனே, என்ர கால் தேஞ்சதைப் பார்த்து ஒரு நாளாவது உமக்கு நெஞ்சு நொந்ததோ? தேத்தண்ணி தந்து அனுப்பினீர். சேதி இல்லை எண்டீர். என்ர கையிலயிருந்து ஆரத்தித் தட்டைப் பறிச்சவையே, அந்த நேரம் உம்மட பொக்கற்றுக்குள்ள என்ர மனுசன்ர கடிதம் கிடந்ததே!"

பெண்களின் அழுகை நின்றது. இரத்தினம்மாவின் கை மார்பில் அடிக்க உயர்ந்தபடியே நின்றுவிட்டது. பார்லோ துரைக்கோ பேரானந்தம். இப்படி ஒரு துக்கத்தை அவன் எந்தத் தேசத்திலும் கண்டதில்லை. இன்னும், இன்னும் என்று கையால் சைகை காட்டினான்.

அன்னபாக்கியம் குனிந்து, மூடியிருந்த அந்த முகத்துக்கு நேரே முகத்தை வைத்தாள்.

"உம்மட அண்ணர் செத்தது மெய்யெண்டா அப்பிடியே கிடவும். நான் இப்பவே தாலியைக் கழட்டுறன். உயிரோட இருக்கிறாரெண்டாக் கண்ணைத் திறவும்!"

அலை அடித்து ஓய்ந்தது. கைப்பிடி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. சிவபாதசுந்தரத்தின் இமைகள் நடுங்கின. ஓரத்தில் நீர் கசிந்தது. பிறகு பிணம் கண்ணைத் திறந்தது.

"நோ! நோ!" என்று கத்திக்கொண்டு துரை தொப்பியைத் தரையில் அடித்தான். பெண்கள் எழுந்து ஓடினார்கள். அன்னபாக்கியம் வாய்க்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லும்!"

"மச்சாள்..." அவன் எழுந்து இருந்தான். கால்விரல்கள் கட்டியபடியே இருந்தன. "அண்ணை அங்க வேறை முடிச்சிட்டார். ரெண்டு பிள்ளையள். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவர். நான் உங்கட நன்மைக்குத்தான்... தாலியோடயாவது இருக்கட்டும் எண்டு..."

"என்ர நன்மைக்கோ? தாலியோட இருக்கட்டும் எண்டு நினைச்ச ஆள்தானோ, வெள்ளைக்காரனுக்கு முன்னால வந்து கழட்டச் சொன்னது?"

துரை இங்கிலீசில் ஏதோ அதட்டினான். திரும்பவும் படுக்கவேண்டுமாம், கண்ணைத் திறந்ததால் காட்சி கெட்டுவிட்டதாம். என்ன சொல்வேன்! அந்த மனிதன், இவ்வளவும் நடந்த பிறகு, "மச்சாள், கொஞ்சம் பொறுங்கோ, துரை கோவிக்கிறான், இதை முடிச்சிட்டுக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டுத் தானே நாடித் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் படுத்தான்!

அன்னபாக்கியம் அவனைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவளுடைய கோபத்துக்குள்ளே ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. கப்பல் வரும், அவர் வருவார் என்ற ஆசை. அது இப்போது செத்தது. துரையின் கை மறுபடி அசைந்தது. கைப்பிடி சுழன்றது. அவள் பித்தளைக் கொடியை இழுத்து மணலில் எறிந்தாள். சட்டைக்குள் கைவிட்டுத் தன் சொந்தத் தாலிக்கொடியைத் தலைவழியே கழற்றினாள்.

"இந்தா. இதை உன்ர அண்ணனுக்கு அனுப்பு. அவனைச் சாகவேண்டாம் எண்டு சொல்லு. அவன் நல்லா இருக்கட்டும். ஆனால் இனி அவன் எனக்கு ஒருத்தனுமில்லை."

தங்கக் கொடி அவன் நெஞ்சில் விழுந்து, நழுவி, கழுத்துப் பக்கமாகச் சரிந்தது. இந்தத் தடவை அவன் கண்ணைத் திறக்கவில்லை. துரை கைதட்டினான்.

அடுத்த வருஷம் ஆவணி மாதம் அந்தப் படம் கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்தது. பெரிய படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் காட்டினார்கள். வாங்கில் இருப்பவர்களுக்கு இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாதல்லவா? அதற்காகத் திரைக்குப் பக்கத்தில் அலவி என்பவர் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். எழுத்து விழும்போதெல்லாம் தமிழில் உரக்கச் சொல்லுவார். இராசரத்தினம் கேள்விப்பட்டு வந்து சொல்ல, அன்னபாக்கியம் அவனோடும் இரத்தினம்மாவோடும் முதல் நாள் மாலைக் காட்சிக்குப் போனாள். வெறுங் கழுத்தோடு போனாள். நெற்றியில் பொட்டு மட்டும் இருந்தது. இது என்ன கோலம் என்று கேட்கும் துணிவு இரத்தினம்மாவுக்கு இப்போது இல்லை.

பர்மாவும் ஆபிரிக்காவும் போயின. வெள்ளவத்தைக் கடல் திரையில் அடித்தது. தலைவிரிகோலமாக அன்னபாக்கியம் வந்தாள். உதடுகள் துடித்தன. கொட்டகையிலிருந்தவர்கள் தமிழர்கள், அழுகிற வாய்க்கும் ஏசுகிற வாய்க்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா?

"அடி சக்கை! உது அழுகையில்லை மச்சான், பேச்சு! பிணத்துக்கு விழுற பேச்சைப் பார்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கொட்டகை சிரித்தது.

திரையில் அவள் குனிந்தாள். கண்ணைத் திறவும் என்று அவள் கேட்ட இடம். இப்போது திறக்கும், ஊர் பார்க்கும் என்று அவள் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரை ஒருதரம் வெட்டி மின்னியது. அடுத்ததாகத் தாலி நெஞ்சில் விழுந்தது. கண் திறக்கவில்லை! அதைக் கத்தரித்து எறிந்துவிட்டான் பாவி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து விழுந்தது. அலவி குழலைத் தூக்கினார்.

"கணவனை இழந்த இந்துப் பெண், அவனே தன் தெய்வம் என்று புலம்பி, இனி வாழ்நாளெல்லாம் அவனையே நினைத்திருப்பதாகச் சத்தியம் செய்கிறாள்!"

அன்னபாக்கியம் வாங்கின்மேல் ஏறி நின்றாள்.

"பொய்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. திரையில் ஒருத்தி, வாங்கில் ஒருத்தி, ஒரே முகம்.

"நான் ஒருத்தனையும் இழக்கேல்லை. அவன் உயிரோட சிரம்பானில குடும்பம் நடத்துறான். நான் தாலியைக் கழட்டி எறிஞ்சனான். கிடக்கிற பிணம் அவன்ர தம்பி. உண்மையைக் கேட்டனான், கண்ணைத் திறந்தவன். அதை வெட்டிப்போட்டாங்கள்!"

"ஓம், திறந்தவர்தான்! நானும் பார்த்தனான்!" என்று பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள் இரத்தினம்மா. அன்னபாக்கியத்துக்காக அவள் சபையில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அலவி குழலை இறக்கினார். "அக்கா, என்னோட கோவிச்சி என்ன செய்யிற? வெள்ளக்காரன் எழுதினத்தத்தானே நான் வாசிக்கிற."

"ஆரைப் பற்றி எழுதினானோ அவளே வந்து நிக்கிறன். நான் சொல்லுறதைச் சொல்லும்."

"சொல்லு நானா! அந்த அக்கா சொல்லுறதைச் சொல்லு!" என்று கொட்டகை கூச்சல் போட்டது. படம் ஓட்டுகிறவன் படத்தை நிறுத்திவிட்டான். அலவி சுற்றுமுற்றும் பார்த்தார். முதலாளி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குழலை வாயில் வைத்தார். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வசனமாக, தகரக் கூரை அதிரும்படி சொன்னார். படம் ஓடிய மற்ற ஒன்பது நாளும், அந்த எழுத்து விழும்போது அலவி வெள்ளைக்காரன் எழுதியதைச் சொல்லவே இல்லை. கதை ஊரெல்லாம் பரவியிருந்தது, சொன்னால் வாங்கிலிருந்து எச்சரித்துக் கத்துவார்கள்.

பதினோராம் நாள் படச்சுருள்கள் பெட்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போயின. அன்று சாயந்தரம் அன்னபாக்கியம் இராசரத்தினத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அது இனி எங்க போகுதாம்?"

"பினாங்குக்கு அக்கா. அங்காலை மலாயா முழுக்கக் காட்டுவினமாம்."

"சிரம்பானிலயும்?"

"காட்டாமல் விடுவாங்களே? அங்கை எங்கட சனம் நிறைய இருக்கு."

அவள் அவனுடைய மேசையிலிருந்து கடதாசியையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்தாள்.

"எழுதும். சிரம்பான் படக்கொட்டகையில தமிழில வாசிச்சுச் சொல்லுறவருக்கு."

"பெயர்?"

"பெயர் எனக்கென்ன தெரியும்? அந்த வேலை செய்யிறவன் கையில சேரும். எழுதும். வெள்ளவத்தைக் கடற்கரையில ஒரு பெண் தாலி கழட்டுற இடம் வரும். அங்க எழுதியிருக்கிறது பொய். உண்மை இது."

அவன் எழுதினான். அவள் சொல்வதை நிறுத்தவில்லை. பிணம் கண் திறந்ததையும் சொன்னாள், பெயர்களையும் ஊரையும் சொன்னாள், ரயில்வே கந்தோரையும் சொன்னாள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் பாதியாயிற்று. கடைசியில் அவன் வாசித்துக் காட்டினான்.

"'ஆகையால் தயவுசெய்து மேற்கண்டவாறு சபையாருக்கு எடுத்துச் சொல்லுமாறு...'"

"தயவுசெய்து எண்டு நான் சொன்னனானோ?"

"ஒரு மரியாதைக்கு அக்கா."

"அதைக் கீறிப்போடும்."

அவன் கீறினான். கீழே கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பேனாவை அவளிடம் நீட்டினான். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல, கைதடி வேலுப்பிள்ளை மகள் அன்னபாக்கியம் என்று எழுத்து எழுத்தாக அழுத்தி எழுதினாள். மை காயுமுன்னரே மடித்து அவனிடம் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவப் போனாள்.